33 பைட் ஊர்ப்பெயர்

திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினால் வழியில் பெருமுக்கல் மலை கண்ணில் படும். மேலே சிவன் கோயில், சிதைந்த கோட்டைச் சுவர், பழங்கால மனிதர் பாறையில் கீறிய கோடுகள் உள்ள குகை. சாலை போய் முடிகிற இடத்தில் மரக்காணத்து உப்பளங்கள். திண்டிவனம், பெருமுக்கல், மரக்காணம் என்று ஒரே சாலையில் கோத்த இந்த மூன்று பெயர்களையும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். மூன்றுமே ஆறெழுத்து.

இதே மூன்றையும் யூடிஎஃப்-8 முறையில் கணினியில் சேமித்துவிட்டு எத்தனை பைட் என்று கேட்டால், மரக்காணம் 27, திண்டிவனம் 30, பெருமுக்கல் 33 என்று பதில் வரும். ஊர்ப்பெயருக்கு 30 பைட் போதும் என்று யாரோ ஒருவர் அட்டவணை வரைந்திருந்தால் மரக்காணம் தாராளமாக உள்ளே போகும். திண்டிவனம் தலை உரச நுழைந்துவிடும். பெருமுக்கல் வாசலில் நின்றுவிடும். ஆரக்கிள் தரவுத்தளமாக இருந்தால் 12899 என்ற எண்ணோடு பிழைச் செய்தி வரும்: மதிப்பு பெரிது, இடம் போதாது.

ஆறெழுத்துப் பெயர் ஒன்று 33 பைட் ஆனது எப்படி, அந்த 33-உம் தரவுத்தளத்திலிருந்து கருப்புத் திரைக்கு வந்து சேர யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் கல். மலைக்கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கல்தச்சர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவத்தில்தான் நிற்கும். 'முக்கல்' என்று நாம் இன்று எழுதுவதில் உள்ள இரண்டு புள்ளிகளையும் கல்லைப் படிப்பவர்தான் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெயரில் பாதி கல்லிலும் மீதி படிப்பவர் தலையிலும் இருந்தது என்று சொல்லலாம். இன்ன முறையில் எழுதியிருக்கிறது என்று தெரிந்து வந்தவருக்கு அது பெருமுக்கல்; தெரியாமல் வந்தவருக்கு வெறும் கீறல். இந்த நிபந்தனை இன்றுவரை மாறவில்லை.

1760-இல் அயர் கூட்டின் ஆங்கிலப் படை பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தது. ஆங்கிலேயரின் போர்க் குறிப்புகளில் ஊரின் பெயர் 'பெர்மாகாயில்'. கர்நாடகப் போர்களைப் படிக்கும் ஒருவர் அந்தப் பெயரைக் கடந்துபோவார். அது நம் பெருமுக்கல்தான் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். வேறொரு எழுத்துமுறைக்குள் போன பெயர் உருமாறித் திரும்பியது அது முதல் தடவை. கடைசித் தடவை அல்ல.

கணினி வந்தபோது தமிழுக்கு அதில் தனி இடம் இல்லை. ரோமன் எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஒட்டிய எழுத்துருக்கள்தான் வேலையை ஓட்டின. பாமினி எழுத்துருவில் தட்டிய 'பெருமுக்கல்' திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ரோமன் எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். பாமினியில் மெய்யின் புள்ளிக்கு உரிய விசை அரைப்புள்ளி என்பது அந்தத் தலைமுறைத் தட்டச்சர்களுக்கு நன்றாகத் தெரியும். தரவுத்தளத்தில் வினவல் எழுதுபவருக்கோ அரைப்புள்ளி என்றால் 'வாக்கியம் முடிந்தது, ஓட்டு' என்று பொருள். ஆரக்கிளின் எஸ்க்யூஎல் பிளஸ், வரியின் கடைசியில் அரைப்புள்ளியைக் கண்டால் அது மேற்கோளுக்குள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது, அங்கேயே வாக்கியத்தை முடித்துவிடும். பாமினியில் எழுதிய ஒரு முகவரி 'பெருமுக்கல்' என்று வரிக்கடைசியில் முடிந்து, மேற்கோள் அடுத்த வரியில் மூடினால், நம் ஊரின் கடைசிப் புள்ளியே கட்டளையை வெட்டிவிடும். அந்தக் கருவியில் வாக்கிய முடிவுக் குறியை மாற்றவோ அணைக்கவோ 'செட் எஸ்க்யூஎல் டெர்மினேட்டர்' என்றொரு அமைப்பு இருக்கிறது.

எழுத்துருக் குழப்பத்திலிருந்து தமிழை மீட்க உழைத்தவர்களை இங்கே நினைக்காமல் போக முடியாது. சுவிட்சர்லாந்தில் இருந்து கல்யாணசுந்தரம், மலேசியாவில் முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி என்று கடல் கடந்திருந்தவர்கள் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள். மின்னஞ்சல் வழி கூடிப் பேசியே உருவான டிஸ்கி என்ற தகுதரத்தில் பெருமுக்கல் 7 பைட். ஒற்றைக் கொம்புக்கு ஒன்று, ப-வுக்கு ஒன்று, பிறகு ரு, மு, க், க, ல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறிமுறைகளையும் அறிவித்தது. 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில் யூனிகோடும் டேஸ்16-உம் அரசின் தகுதரங்களாயின. டேஸ்16 மட்டும்தான் நம் இலக்கணக் கணக்கோடு ஒத்துப்போகிறது: ஓர் எழுத்துக்கு ஓர் எண், பெருமுக்கலுக்கு ஆறு எண். யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் அது உலகப் பொதுவழக்காகவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் உலகத்தோடு பேச ஒரு குறிமுறைதான் வேண்டும், அது யூனிகோடு என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது.

1991-இல் வந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒதுக்கிய முறை இந்தியத் தகுதரமான இஸ்கியிலிருந்து வந்தது: உயிர்மெய்யை மெய்யும் குறியுமாகப் பிரிப்பது. ஆகவே 'பெ' என்பது 2986 என்ற ப, அதைத் தொடர்ந்து 3014 என்ற கொம்பு. இடப்பக்கம் தெரியும் கொம்பு உள்ளே வலப்பக்கம் இருக்கிறது. 'க்' என்பது க-வும் 3021 என்ற புள்ளியும். இப்படிப் பிரித்தால் ப, கொம்பு, ர, உகரக்குறி, ம, உகரக்குறி, க, புள்ளி, க, ல, புள்ளி என்று பெருமுக்கல் 11 குறி. அடுத்த ஆண்டு, 1992 செப்டம்பரில், நியூஜெர்சியின் ஓர் உணவகத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரித்த தாளில் கென் தாம்சன் யூடிஎஃப்-8 வகுத்தார். உடனிருந்தவர் ராப் பைக். ஆங்கிலத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று. பதினொன்றை மூன்றால் பெருக்கினால் 33. அந்த 33-இல் முதல் மூன்று, அதாவது ப என்ற ஒரே எழுத்து, 224, 174, 170.

பெயர் இப்போது தரவுத்தளத்துக்குள் பத்திரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வெளியே கொண்டுவரும் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒரு வரி தட்டினால் ஒரு பதில் தரும் இந்தக் கருப்புத் திரைக் கருவிக்கு ஐம்பது வயது. 1973-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் தொடங்கிய இங்க்ரெஸ் என்ற தரவுத்தளத் திட்டத்தில் 'டெர்மினல் மானிட்டர்' என்ற நிரல் இருந்தது. வினவலைத் தட்டிவிட்டுப் பின்சாய்கோடும் 'ஜி'யும் போட்டால் ஓடும். 'கோ' என்பதன் முதலெழுத்து அது. அந்தச் சிறு குறி எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். இங்க்ரெஸில் பணியாற்றிய பாப் எப்ஸ்டீன் சைபேஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். சைபேஸில் அது 'கோ' என்ற சொல்லாயிற்று. அங்கிருந்து மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வருக்கு வந்து இன்றும் வழங்குகிறது. மைஎஸ்க்யூஎல் திறக்கும்போது வரும் வரவேற்பு வரியில் 'மானிட்டர்' என்ற பெயரும் அந்தப் பின்சாய்கோடு ஜியும் இருக்கின்றன. 1994-இல் அதே பெர்க்லியில் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரண்டு மாணவர்கள் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு எஸ்க்யூஎல் மொழியைச் சேர்த்து, பழைய மானிட்டரை எடுத்துவிட்டு பிஎஸ்க்யூஎல் என்ற கருவியை வைத்தார்கள். அதிலும் அந்தக் குறி உண்டு. ஆரக்கிளின் எஸ்க்யூஎல் பிளஸ் மட்டும் வேறு வழியில் வந்தது. அதற்கு முதலில் யூஎஃப்ஐ, 'பயனருக்கு இணக்கமான முகப்பு', என்று பெயர். அதில் வரியின் அகலம் இன்றும் இயல்பாக 80. பழைய துளையட்டையில் 80 பத்திகள் இருந்ததன் மிச்சம் அது.

இந்தக் கருவிகள் ஒவ்வொன்றும் சர்வரோடு பேச உட்காரும் நேரத்தைச் செஷன் என்கிறோம். செஷன் தொடங்கும்போது கருவி சர்வரிடம் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். அவற்றில் தமிழருக்கு உயிரான விஷயம் ஒன்றே: என் திரை எந்த என்கோடிங்கில், அதாவது குறிமுறையில், படிக்கும், நான் தட்டுவது எந்த என்கோடிங்கில் வரும் என்பது. கல்லைப் படிக்க வந்தவர் தலையில் இருந்த அந்தப் பாதிதான் இது. அதைத் தவறாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதில் நான்கு சர்வருக்கும் நான்கு குணம்.

போஸ்ட்கிரெஸ் நேர்மையானது. 'என் என்கோடிங் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1' என்று செஷன் சொல்லிவிட்டுப் பெருமுக்கலைக் கேட்டால், 224, 174, 170 என்ற பைட்களுக்கு லத்தீன்-1-இல் இணை இல்லை என்று பதினாறடிமான எண்ணில் எழுதிக் காட்டி மறுத்துவிடும். இந்த மறுப்பை நான் பெரிய உபகாரமாகக் கருதுகிறேன். மைஎஸ்க்யூஎல் மறுக்காது. லத்தீன்-1-க்குள் அடங்காத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு, வரிசையாக 11 கேள்விக்குறிகளை நீட்டும். சுவீடனில் பிறந்த தரவுத்தளம் அது. பல ஆண்டுகள் அதன் இயல்பு லத்தீன்-1-உம் சுவீடிஷ் அகரவரிசையும்தான். 2004-இல் முழுமையாக வெளிவந்த 4.1 பதிப்பில்தான் ஒவ்வொரு இணைப்பும் 'செட் நேம்ஸ்' என்று தன் என்கோடிங்கைச் சொல்லும் வசதி வந்தது. இயல்பே யூடிஎஃப்-8 ஆனது 2018-இல், 8.0 பதிப்பில்.

எஸ்க்யூஎல் சர்வரில் சிக்கல் இன்னும் ஆழம். விண்டோஸில் சிஸ்டம் கோட்பேஜாக வைக்கத்தக்க எட்டு பிட் கோட்பேஜ் தமிழுக்குக் கிடையாது. தமிழ் யூனிகோடில் மட்டுமே வாழும் மொழியாக அதில் சேர்ந்தது. ஆகவே சாதாரண வார்சார் பத்தியில் தமிழ் நிற்காது. என்வார்சார் வேண்டும், வினவலில் மேற்கோளுக்கு முன்னால் 'என்' என்ற எழுத்தையும் வைக்க வேண்டும். அந்த ஓரெழுத்தை மறந்தால் சரியான பத்தியாக இருந்தாலும் 11 கேள்விக்குறிகளே உள்ளே போய்ச் சேரும். வார்சாரிலேயே யூடிஎஃப்-8 வைக்கும் வழி 2019 பதிப்பில்தான் வந்தது.

ஆரக்கிளில் என்எல்எஸ் லாங் என்ற சூழல் மாறி இந்த வேலையைச் செய்கிறது. அது இல்லாவிட்டால் செஷன் ஏழு பிட் ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்ளும். பகலில் திரையில் ஓட்டினால் பெயர் சரியாக வருகிறது, இரவில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் தானாக ஓட்டினால் அறிக்கை முழுக்கக் கேள்விக்குறி என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். காரணம் எளிது. பகலில் உங்கள் புரொஃபைல் கோப்பு அந்த மாறியை வைத்திருந்தது. கிரான் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. கருவிக்குள் போன பிறகு அதை மாற்றவும் முடியாது. கருவி தொடங்குமுன் வைத்திருக்க வேண்டும்.

ஆரக்கிளில் இன்னொரு பொறி உண்டு. தரவுத்தளமும் செஷனும் ஒரே என்கோடிங் என்று சொல்லிக்கொண்டால் சர்வர் எதையும் மாற்றாமல் பைட்களை அப்படியே கடத்தும். ஆகவே லத்தீன் என்று பெயர் சூட்டிய தரவுத்தளத்தில் டிஸ்கி பைட்களை வருஷக்கணக்காகக் கொட்டி வைக்கலாம். எடுக்கும்போது டிஸ்கி எழுத்துருவில் தமிழாகவே தெரியும். தரவுத்தளத்தை யூனிகோடுக்கு மாற்றும் நாளில்தான் குட்டு உடையும். மாற்றும் நிரல் அவற்றை லத்தீன் என்று நம்பி மாற்றிவிடும்.

போஸ்ட்கிரெஸின் நேர்மைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. திரை யூடிஎஃப்-8, ஆனால் செஷன் லத்தீன்-1 என்று சொல்லியிருக்கிறது. இந்த நிலையில் பெருமுக்கலைத் தட்டி உள்ளே அனுப்பினால் சர்வர் 33 பைட்களையும் 33 ஐரோப்பிய எழுத்துகளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு பைட் ஆக்கி, 66 பைட் எழுதிவிடும். எழுதியவர் அதே செஷனில் திரும்ப எடுத்துப் பார்த்தால் 66 மறுபடி 33 ஆகி அழகான பெருமுக்கல் தெரியும். சரியாக அமைத்த செஷனில் வேறொருவர் பார்த்தால், தலையில் சாய்கோடு வைத்த ரோமன் எழுத்தும் வணிகப்பெயருக்கு மேல் போடும் வட்டக் குறியுமாக மாறி மாறி வரும். தமிழ் இணையத்தில் புழங்கிய எல்லோருக்கும் அந்தக் கோலம் பழக்கம்தான். தவறு செய்தவர் கண்ணுக்கு மட்டும் எல்லாம் சரியாகத் தெரிவதால், என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பிழை.

அளவுக்கு வருகிறேன். ஆரக்கிளில் '30' என்று மொட்டையாகச் சொன்னால் இயல்பாக 30 பைட். என்எல்எஸ் லெங்த் செமான்டிக்ஸ் என்ற செஷன் அமைப்பை 'சார்' என்று வைத்துவிட்டு அட்டவணை உருவாக்கினால் 30 குறி. பெருமுக்கலின் 11 நிம்மதியாக உட்காரும். ஏற்கெனவே உருவாக்கிய பத்திகளை அது தொடாது. அதைவிடப் பத்தியை வரையும்போதே '30 சார்' என்று எழுதிவிடுவது மேல். யார் எந்தச் செஷனில் ஓட்டினாலும் மாறாது.

மற்ற அமைப்புகளில் சிலவற்றைத் தொட்டுப் போகிறேன். எஸ்க்யூஎல் பிளஸில் 'செட் டிஃபைன் ஆஃப்' வைக்காவிட்டால், தரவில் '&' குறி வருமிடமெல்லாம் கருவி நின்று உங்களிடம் ஒரு மதிப்பு கேட்கும். தமிழ்ப் பத்திகள் கட்டத்துக்குள் நேராக நிற்பதில்லை, ஏனென்றால் நம் எழுத்துகளின் அகலத்தைக் கருப்புத் திரை சரியாகக் கணிப்பதில்லை. பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்கோடும் எக்ஸும் போட்டால் ஒவ்வொரு புலமும் தனி வரியில் வரும், படிக்கக் கண் வலிக்காது. வெற்று மதிப்புக்கு ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸில் இல்லாத பெயரும் காலியாக எழுதிய பெயரும் வேறு வேறு. மைஎஸ்க்யூஎல்லில் 'சேஃப் அப்டேட்ஸ்' வைத்தால், நிபந்தனை எழுத மறந்த ஒரு அப்டேட் ஊர்ப்பெயர்கள் அத்தனையையும் ஒரே பெயராக மாற்றிவிடாமல் தடுக்கும்.

இவற்றைத் தினமும் தட்ட வேண்டியதில்லை. பிஎஸ்க்யூஎல் தன் பெயரோடு 'ஆர்சி' சேர்ந்த கோப்பை வீட்டு அடைவில் தேடிப் படிக்கும். மைஎஸ்க்யூஎல்லுக்கு 'மை.சிஎன்எஃப்', எஸ்க்யூஎல் பிளஸுக்கு 'லாகின்.எஸ்க்யூஎல்'. இந்தக் கடைசிக் கோப்பை முன்பு நின்ற அடைவிலிருந்தே கருவி எடுத்துக்கொள்ளும். யாரோ வைத்துவிட்டுப் போன கோப்பு உங்கள் அதிகாரத்தோடு ஓடிவிடும் ஆபத்து அதில் இருந்தது, 12.2 பதிப்பிலிருந்து 'ஆரக்கிள் பாத்' என்ற சூழல் மாறியில் நீங்கள் குறித்த இடத்தில் மட்டுமே தேடுகிறது. தானாக ஓடும் நிரல்களில் பிஎஸ்க்யூஎல்லைப் பெரிய எக்ஸ் விருப்பத்தோடு அழைத்துத் தனிப்பட்ட கோப்பைத் தவிர்த்துவிட்டு, தேவையான அமைப்புகளை அந்த நிரலுக்குள்ளேயே எழுதுவதுதான் முறை. போஸ்ட்கிரெஸில் 'ஆல்டர் ரோல்' கொண்டு ஒரு பயனருக்குரிய இயல்பு அமைப்புகளைச் சர்வரிலேயே பதிந்து வைக்கவும் முடியும்.

ஊர்ப்பெயர் வருமிடத்தில் கேள்விக்குறிகளை எப்போதாவது பார்த்தால் உங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். உடனே அப்டேட் போட்டுத் திருத்தாதீர்கள். முதலில் செஷன் என்ன என்கோடிங்கில் இருக்கிறது என்று கேளுங்கள். பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்கோட்டோடு 'என்கோடிங்' என்று தட்டினால் சொல்லிவிடும். அடுத்து, அந்தப் பெயர் எத்தனை பைட் என்று சர்வரையே எண்ணச் சொல்லுங்கள். யூடிஎஃப்-8 தளத்தில் பெருமுக்கல் 33 என்று வந்தால் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை, செஷனைத் திருத்தினால் போதும். 66 என்று வந்தால் இருமுறை மாற்றப்பட்டிருக்கிறது. திருப்பி மாற்றி மீட்டுவிடலாம். 11 என்று வந்தால் உள்ளே இருப்பவை கேள்விக்குறிகளேதான். எந்த அமைப்பாலும் அவற்றை எழுத்தாக்க முடியாது. காகிதப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி தட்ட வேண்டும்.